மூன்றாவது கை

சீகிரியாவைக் கட்டிய அரசன் யார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் காசியப்பன் என்று சொல்லும். அங்குள்ள ஓவியங்களை வரைந்தவர் யார் என்று கேட்டால், உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் நானும் பேசாமல்தான் நிற்க வேண்டும். ஏறத்தாழ 1500 வருடங்களாக மனிதர்கள் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகும் சித்திரங்கள் அவை. ஆனால் வரைந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட நம் கைக்கு வந்து சேரவில்லை. அரசனுக்குப் பெயர் இருக்கிறது, அவன் கொன்ற தகப்பனுக்குப் பெயர் இருக்கிறது, அவனைத் தோற்கடித்த தம்பிக்கும் பெயர் இருக்கிறது. தூரிகை பிடித்தவருக்கு மட்டும் இல்லை.

இது பெரிய அநியாயமா என்று நீங்கள் கேட்கலாம். கடந்த டிசம்பர் விடுமுறை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த விடுமுறையில் குடும்பத்தோடு சீகிரியாவுக்குப் போனோம். வாப்பா, உம்மா, உம்மும்மா, காக்கா, தாத்தா, மச்சான், தாத்தாவின் மூன்று வயது மகன் என்று வேன் நிறைய ஆட்கள். சுபஹு தொழுதுவிட்டு உக்குவளையிலிருந்து புறப்பட்டோம். மாத்தளை, நாவுல, தம்புள்ளை தாண்டி இனாமலுவைச் சந்தியில் வேன் திரும்பும் வரைக்கும் வாப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இடையிடையே, "இது நான் எழுதினது" என்று ஏதாவது ஒரு கடையின் பெயர்ப்பலகையைக் காட்டினார். நிறம் மங்கிப்போன பலகைகள். வரும் வழியில் அப்படி ஐந்தோ ஆறோதான் மிஞ்சியிருந்தன.

என் வாப்பா முப்பது வருடங்கள் பெயர்ப்பலகை எழுதியவர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எழுதுவார். பலகைக்கு முதலில் அடிநிறம் பூசிக் காயவிட்டு, சோக் தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டில் எழுத்துகளை உட்கார வைப்பார். சிங்கள எழுத்தின் வளைவுதான் கஷ்டம், தமிழ் எழுத்து சொன்ன இடத்தில் உட்காரும் என்பார். பிறகு கணினியில் அச்சடித்த பெனர் வந்தது. ஒரு நாளில் வேலை முடிகிறது, விலையும் குறைவு. இப்போது வாப்பா ஒரு ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் கலந்து கொடுக்கிறார். எழுதிய காலம் முழுவதும் அவர் உயிருள்ள எதையும் வரைந்ததில்லை. கோழிக்கடைக்குக் கோழி படம் கேட்டாலும், "எழுத்து மட்டும்தான்" என்று சொல்லிவிடுவார். அதனால் போன வேலைகளும் உண்டு.

அப்படிப்பட்டவர் சீகிரியாவின் இரும்புச் சுழல் ஏணியடியில் நின்று, "மகள், அங்க நமக்கு வேலயில்ல, நேரா மேல போவோம்" என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உம்மும்மா கீழே நீர்ப்பூங்காவிலேயே உட்கார்ந்துவிட்டார். உம்மாவும் தாத்தாவும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெண்களின் உடை பற்றி எல்லோருக்கும் தெரியும். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சாதாரண தரத்தில் இதே சித்திரங்களைப் புத்தகத்தில் பார்த்து, கோட்டின் தன்மை, நிறத்தின் தன்மை என்று மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். பரீட்சைக்கு ஆகுமானது கண்ணுக்கு ஆகாமல் போவது எப்படி? இதை வாப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காக்காவ கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றார்.

மேலே குகைக்குள் காவலர் ஒருவர் நிற்கிறார். படம் எடுக்கக் கூடாது. நின்று பார்க்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், பின்னால் வரிசை தள்ளுகிறது. புத்தகத்தில் பார்த்தபோது தெரியாத ஒன்று அங்கே முதல் பார்வையிலேயே தெரிந்தது. பாறை தட்டையாக இல்லை. உள்ளே குழிந்து, வளைந்து, தலைக்கு மேலே கவிகிறது. அந்த வளைவில் களிமண்ணோடு உமியும் நாரும் சேர்த்துப் பூசி, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதற்கு மேல்தான் நிறம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மண்ணில் கிடைக்கும் நிறங்கள். இடுப்புக்குக் கீழே மேகம். இவர்கள் அரசிகளும் தோழிகளும் என்று பெல் நினைத்தார், தேவகன்னியர் என்றார் ஆனந்த குமாரசுவாமி, மின்னலும் மேகமும்தான் பெண்ணுருவில் நிற்கின்றன என்றார் பரணவிதான. பரீட்சைக்கு மூன்றையும் எழுத வேண்டும்.

என் கண் போனது வேறிடத்துக்கு. ஒரு பெண்ணின் கையை ஓவியர் முதலில் ஒரு நிலையில் வரைந்திருக்கிறார். அது பிடிக்காமல் போயிருக்க வேண்டும். வேறு நிலையில் மறுபடி வரைந்திருக்கிறார். முதலில் வரைந்த கையின் கோடு இன்னும் அழியாமல் தெரிகிறது. வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்கு இதைக் காட்டி, "மூன்று கைப் பெண்" என்று சிரிக்க வைப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சித்திரக் கொப்பியில் எத்தனை கைகளை அழிறப்பரால் தேய்த்துக் கடதாசியைக் கிழித்திருக்கிறேன்! அந்த மூன்றாவது கையைப் பார்த்தபோதுதான் அங்கே ஒரு மனிதர் நின்றிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. அரசனைப் பற்றிய எந்தக் கதையும் அதை எனக்குத் தரவில்லை.

கீழே இறங்கியதும் வாப்பா, "என்ன ஈந்திச்சி?" என்றார். கையைப் பற்றிச் சொன்னேன். அவர் பெண்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாறையை அண்ணாந்து பார்த்தார். சாந்து எத்தனை விரல் தடிப்பு, சாரம் எதில் கட்டினார்கள், குனிந்த பாறையில் நிறம் வடியாமல் எப்படிப் பூசினார்கள், மழைத்தண்ணீர் எப்படி விழாமல் போகிறது என்று வரிசையாகக் கேட்டார். எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. "கூரை இல்லாத இடத்தில இவ்வளவு காலம் நிற்குதெண்டா அவன் வேலைக்காரன்" என்றார். வாப்பா ஒருவரை வேலைக்காரன் என்று சொன்னால் அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடையாது.

இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்குச் சற்று மேற்பட்ட உருவங்கள்தான். ஒரு காலத்தில் பாறையின் மேற்கு முகம் முழுவதும், 140 மீற்றர் நீளமும் 40 மீற்றர் உயரமுமாக ஓவியங்கள் பரவியிருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 1907 இல் ஜோன் ஸ்டில் என்பவர் அந்த மலைமுகத்தையே ஒரு மாபெரும் சித்திரக்கூடமாகக் கண்டு எழுதினார். இப்படிப் பார்த்தால் நம் மாத்தளை மாவட்டத்துக்குக் கலைக்கூடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது!

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொரு பெயரைப் பற்றி. 1889 இல் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த மரே என்ற வெள்ளைக்காரர் அந்தக் குகைக்குள் ஏறிச் சில உருவங்களைப் பிரதி செய்தார். அதற்குப் பின் தொல்பொருள் ஆணையாளர் பெல் சீகிரியாவில் வேலை தொடங்கினார். அவருடைய குழுவில் டி.ஏ.எல். பெரேரா என்ற ஓவியர் இருந்தார், நம் நாட்டவர். 1896, 1897 ஆம் ஆண்டுகளில் அவர் கயிற்றையும் ஏணியையும் நம்பி அந்த உயரத்துக்குப் போய், உருவம் உருவமாக, உடைந்த இடமும் உதிர்ந்த இடமும் உட்பட, எண்ணெய் வர்ணத்தில் பிரதி எடுத்தார். அப்போது இன்றைய சுழல் ஏணி இல்லை. கீழே பார்த்தால் மரங்களின் தலை தெரியும். அங்கே உட்கார்ந்து இன்னொருவருடைய கோட்டைப் பிசகாமல் பின்தொடர்வது என்றால் என்ன என்று கற்பனை செய்து பாருங்கள்.

எழுபது வருடங்கள் கழித்து, 1967 ஒக்டோபரில், யாரோ இரவோடு இரவாக ஏறி அந்த உருவங்கள் மீது பச்சைப் பெயின்டைப் பூசிவிட்டார்கள். சில இடங்களைச் சுரண்டியும் விட்டார்கள். இத்தாலியிலிருந்து லூசியானோ மரான்சி என்ற நிபுணர் வந்தார். நம் நாட்டுத் தொல்பொருள் இரசாயனவியலாளர் ராஜா டி சில்வாவும் சேர்ந்து பாடுபட்டுத்தான் சுத்தம் செய்தார்கள். சுரண்டப்பட்டது சுரண்டப்பட்டதுதான். அந்த இடங்கள் முன்பு எப்படி இருந்தன என்று அறிய, புகைப்படங்களோடு பெரேராவின் பிரதிகளும் இருக்கின்றன. அவருக்கு அது தெரியாது. அவர் தன் சம்பளத்துக்கு வேலை செய்தார், அதைச் சரியாகச் செய்தார்.

அந்தப் பிரதிகள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. 1877 இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் நம் சமூகத்தைச் சேர்ந்த வாப்பிச்சி மரிக்கார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திறப்பு விழாவில் என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்க, ஜும்ஆ தினத்தில் நூதனசாலை மூடியிருக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். உம்மும்மா இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் நின்று கேட்டவர் போலச் சொல்வார். சீகிரியாவின் ஓவியர்கள் வரைந்தார்கள், பெரேரா பிரதி செய்தார், மரிக்கார் கட்டிய கூரையின் கீழ் அது பாதுகாக்கப்பட்டது. இது நம் எல்லோருடைய சொத்து என்று நான் சொன்னால் அது மேடைப் பேச்சு அல்ல.

பிரதி செய்வது என்றாலே நம்மிடம் ஓர் இளக்காரம் இருக்கிறது. "பாத்து வரஞ்சதுதானே" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோம். மஞ்சுசிறி என்ற ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1902 இல் பிறந்து, பௌத்த பிக்குவாக இருந்து, பின்பு துறவைவிட்டவர். ஊர் ஊராக விகாரைகளுக்குப் போய்ச் சுவர்ச் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவர் பார்த்த சுவர்களில் பல பின்னாளில் இடிக்கப்பட்டன, அல்லது புதுப் பெயின்டில் மறைந்தன. அவர் கடதாசியில் இருப்பதுதான் மிச்சம். அவரே 1943 இல் கொழும்பில் உருவான '43 குழு'விலும் ஒருவர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ் போன்றவர்கள் இருந்த குழு அது. யாழ்ப்பாணத்தில் சித்திரக் கழகம் நடத்திய எஸ்.ஆர். கனகசபையும் அதில் இருந்தார் என்பதைத் தமிழ் மொழியில் படிக்கும் நாம் மறக்கக் கூடாது. பழையதைப் பார்த்து வரைந்த கைதான் புதியதையும் வரைந்தது.

இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் சகோதரிகள் முகலாயர் கலையைப் பற்றி எழுதும்போது தாஜ்மஹாலோடு நிறுத்திவிடுகிறோம். ஜஹாங்கீர் காலத்தில் ஸஹீபா பானு, நாதிரா பானு என்ற இரண்டு பெண்கள் ஓவியர்களாக இருந்திருக்கிறார்கள். நாதிரா பானு, ஆகா ரிஸா என்ற ஓவியரின் மாணவி. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப் படங்களைப் பார்த்துப் பிரதி வரைந்தார். 400 வருடங்களுக்கு முன் ஒரு முஸ்லிம் பெண் படம் பார்த்துப் படம் வரைந்து, தன் பெயரையும் விட்டுப் போயிருக்கிறார். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் ஒரு பெருமை பேசுகிறார்: ஒரே படத்தில் முகத்தை ஒருவரும் கண்ணையும் புருவத்தையும் இன்னொருவரும் வரைந்திருந்தாலும் யார் எதை வரைந்தார் என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியுமாம். அரசர்கள் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவார்கள். ஆனாலும் பறவைகளையும் பூக்களையும் வரைந்த மன்சூருக்கு 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அற்புதம் என்று பட்டம் கொடுத்தவர் அவர்தான். காசியப்பனின் சபையில் அப்படி ஒருவர் பெயர் சொல்லி எழுதி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

உருவம் வரைவது பற்றி மார்க்கத்தில் உள்ள கண்டிப்பை நான் அறியாமல் பேசவில்லை. உலமாக்கள் அதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடுகளும் இருக்கின்றன. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. வாப்பாவின் மகளாக நானும் இலை, கொடி, பாறை, வீடு, எழுத்து என்றுதான் அதிகமாக வரைகிறேன். பாறையை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று சீகிரியாவை ஒரு தடவை வரைந்து பார்த்தால் தெரியும். என் வழக்கு அதுவல்ல. ஒன்றைச் செய்வது வேறு, அதை அறிவது வேறு. அரபு நாட்டுக் கவிதைகளில் ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிதைகளையும் நம் அறிஞர்கள் பேணி வைத்துப் படித்தார்கள், மொழியை அறிவதற்காக. நாம் வாழும் மாவட்டத்தில் 1982 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் ஓர் இடத்தை, அதன் அடியில் நின்றுகொண்டு, 'நமக்கு வேலையில்லை' என்று சொல்லிவிட்டுப் போனால் நஷ்டம் சீகிரியாவுக்கு அல்ல.

ஓவியங்களுக்குக் கீழே கண்ணாடிச் சுவர் இருக்கிறது. ஒரு காலத்தில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்ததாம். வரைந்தவர்கள் பெயர் எழுதவில்லை. பார்க்க வந்தவர்கள் எழுதினார்கள்! எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை வந்தவர்கள், அந்தச் சுவரில் கவிதைகளைக் கீறி, பலர் தங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்தார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685 கவிதைகளை வாசித்து 1956 இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். பிக்குகள், அரச குடும்பத்தினர், சாதாரண ஆட்கள் என்று பலர். பெண்களும் இருக்கிறார்கள். சிங்கள இலக்கியத்தில் அந்தக் கிறுக்கல்களுக்குப் பெரிய இடம். ஓவியரின் பெயர் தெரியாது, ஓவியத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவரின் பெயர் தெரியும். இதை எந்த நீதியில் சேர்ப்பது?

2015 இல் சுற்றுலா வந்த ஓர் இளம் பெண் அதே சுவரில் தன் பெயரைக் கீறினார். நீதிமன்றம் இரண்டு வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. பிறகு ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அவர் செய்தது பிழை. இன்று எல்லோரும் ஆளுக்கொரு பெயர் கீறினால் பழைய கவிதைகள் ஒரு வருடத்தில் காணாமல் போகும். சட்டம் வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். எத்தனையோ மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, வெயிலில் ஏறி, நான் இங்கே வந்தேன் என்று ஒரு சுவரிடம் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார். நம் பெண்களுக்குப் பெயர் எழுத வேறு சுவர் எங்கே இருக்கிறது?

இங்கேதான் என் தாத்தாவின் கதை வருகிறது. அவர் சாதாரண தரம் படித்த பாடசாலை எது என்று சொல்ல மாட்டேன். சித்திரத்தில் 'ஏ' எடுத்தவர். பதினாறு வயதில் ஒரு பெரிய பலகையில் எங்கள் ஊர் ஆற்றங்கரையை வரைந்தார். மூங்கில் புதர், கல்லில் காயும் துணிகள், தண்ணீரில் விழும் வெளிச்சம். ஆட்கள் யாரும் இல்லை, ஆனால் இப்போதுதான் யாரோ எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும் படம். அதைப் பிரதான மண்டபத்தில் மாட்டினார்கள். கீழே பெயர் இல்லை. வாப்பா எழுதித் தருகிறேன் என்று சொல்லியும், தேவையில்லை என்றுவிட்டார்கள். இரண்டு வருடத்தில் மண்டபத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். சுவரிலிருந்த படங்களையெல்லாம் கழற்றிப் பின்பக்கத்தில் போட்டார்கள். மழை வந்தது. தாத்தா போய்ப் பார்த்தபோது பலகை ஊதி, பாதி உரிந்திருந்தது. யாருடையது என்று தெரியாததால் யாருக்கும் அறிவிக்கவில்லை என்றார்களாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு தாத்தா ஒன்றும் வரையவில்லை. திருமணம், பிள்ளை, வீடு என்று காரணம் சொல்கிறார். காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். பெருநாளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மருதாணி போட்டுவிடுவது அவர்தான். ஒரு கையில் போட்ட கொடியை இன்னொரு கையில் போட மாட்டார். மூன்று நாளில் மங்கிப் போகும் சித்திரம் என்பதால் யாரும் கழற்றிப் போட முடியாது.

கலைக்கூடம் என்றால் கொழும்பு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். தேசிய கலாபவனம் அங்கே, லயனல் வென்ட் அங்கே, ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டிலுள்ள சபுமல் மன்றமும் அங்கே. எங்கள் வகுப்பில் ஒருநாள், கலைக்கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்டேன். 31 பேரில் இரண்டு கைதான் உயர்ந்தது. அதில் ஒருத்தி பிறகு, "அது ஹோட்டல்" என்று கையை இறக்கிவிட்டாள். இத்தனைக்கும் தம்புள்ளையில் ஓவியங்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. இந்த நாட்டின் சுவரோவியங்களைப் பிரதிகளாக, பழைய குகைக் கோடுகளிலிருந்து கண்டிக் கால விகாரைகள் வரை வரிசையாகப் பார்க்கலாம். சீகிரியாவின் அடிவாரத்திலும் 2009 இல் திறந்த நூதனசாலை இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாக்கள் நேரே பாறைக்குப் போய், சிங்கப் பாதத்தடியில் படம் எடுத்து, குளவிக்குப் பயந்து இறங்கி, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகின்றன. பஸ்ஸில் பாட்டுப் போட எடுக்கும் நேரத்தில் ஒரு கூடத்தைப் பார்த்து முடிக்கலாம். பெற்றோர்களே, அடுத்த தடவை போகும்போது பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப் போங்கள்.

சித்திரம் படிக்கும் பிள்ளை வேறு பாடம் வராத பிள்ளை என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கிறேன் என்றபோது எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. "அதப் படிச்சி என்ன தொழில் செய்யப் போற?" என்று மாமா கேட்டார். தொழில் இல்லை என்று யார் சொன்னது? ஆசிரியை, ஆடை வடிவமைப்பு, புத்தக அட்டை, நூதனசாலைகளில் பாதுகாப்பு வேலை என்று எத்தனையோ இருக்கிறது. பெரேரா செய்ததும் ஒரு தொழில்தான். கடைசியில் தமிழ், இஸ்லாமிய நாகரிகம், சித்திரம் என்று முடிவானது. முடிவு செய்தது வாப்பா. "கை பழகினது வீணாகாது" என்று சொன்னார். பெனர் வந்து தன் தொழில் போன மனிதர் இதைச் சொன்னார் என்பதால்தான் மாமா மேலே பேசவில்லை.

நமது கல்லூரியிடம் நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. நூலகத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு நீண்ட நடை இருக்கிறது. வலது பக்கச் சுவர் வெறுமனே கிடக்கிறது. மழை படாது, வெயில் நேரே விழாது. வருடா வருடம் சித்திரப் பாட மாணவிகளின் நல்ல ஆக்கங்கள் சிலவற்றை அங்கே மாட்டுவோம். பூவும் கொடியும் நிலக்காட்சியும் அரபு எழுத்தணியும் போதும், யாருடைய மனமும் நோகாது. ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவளின் பெயரும் வருடமும் இருக்க வேண்டும். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் நாள் வந்தால், கழற்றும் முன் அந்தப் பெயருக்குரியவளுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இதற்கு அரசாங்க நிதியோ அமைச்சரின் கையெழுத்தோ தேவையில்லை.

சித்திர டீச்சரிடம் சொன்னேன். அதிபரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். வாப்பாவிடமும் சொன்னேன். பெயர்ப்பலகைகளை அச்சடிக்க வேண்டாம், தானே தூரிகையால் எழுதித் தருவதாகச் சொன்னார். எழுத்தின் உயரம் எவ்வளவு, பலகை என்ன மரம், பின்னணி வெள்ளையா கறுப்பா என்று அன்றிரவே கேட்கத் தொடங்கிவிட்டார். பெட்டியில் காய்ந்து கிடந்த தூரிகைகளை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறார். வீடு முழுக்க அந்த மணம். உம்மா ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் புறுபுறுக்கிறார்.

தாத்தாவிடமும் ஒன்று கேட்டிருக்கிறேன். அந்த ஆற்றங்கரையை மறுபடி வரைந்து தர முடியுமா, பழைய மாணவி என்று போட்டு முதலாவதாக மாட்டலாம் என்று. "பாத்து வரைய அந்தப் படம் எங்க இருக்கு?" என்றார். ஆறு இருக்கிறதே என்றேன். மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் கடந்த வெள்ளிக்கிழமை, தூரிகைகளில் சின்னது ஒன்று தகரத்தில் குறைந்திருப்பதாக வாப்பா சொன்னார்.